25 அழைப்புகளைக் கேட்டால் போதுமா? மாதிரி எடுத்து இடைநிலையைக் கணிக்கும் முழு வழிகாட்டி

ஒரு உதவி மையத்தில் 48,000 தொலைபேசி அழைப்புகளின் ஒலிப்பதிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எது எவ்வளவு நேரம் ஓடியது என்று எங்கும் குறித்து வைக்கவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டால்தான் தெரியும். "சாதாரணமாக ஒரு அழைப்பு எவ்வளவு நேரம் போகும்?" என்று மேலிடத்திலிருந்து கேட்கிறார்கள். அத்தனையையும் திறக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. 25-ஐ மட்டும் கேட்டுவிட்டுப் பதில் சொல்லலாமா?

சொல்லலாம். அந்தப் பதில் எவ்வளவு தூரம் பிசகலாம் என்பதையும் சேர்த்தே சொல்லலாம். அதற்குத் தேவைப்படுவது நாணயத்தைச் சுண்டும் கணக்கு மட்டும்தான். அழைப்பு நேரங்கள் மணி வடிவத்தில் பரவியிருக்கின்றனவா, ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றனவா என்ற கவலையே வேண்டாம். இடைநிலையில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான்.

ஏன் சராசரி இல்லை?

இடைநிலை என்பது நாம் பேச்சில் மீடியன் என்று சொல்வது: எல்லாவற்றையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நட்டநடுவில் நிற்கும் எண். முழுமைத்தொகுதி என்பது நாம் அறிய நினைக்கும் மொத்தக் கூட்டம், இங்கே 48,000 அழைப்புகள். மாதிரி என்பது அதிலிருந்து எடுத்த 25.

நான் எடுத்துக்காட்டுக்காகப் போட்ட 25 எண்களைப் பாருங்கள், எல்லாம் வினாடியில், கேட்ட வரிசையில்:

212, 95, 1840, 143, 306, 61, 178, 420, 88, 254, 133, 705, 199, 167, 48, 540, 221, 112, 386, 3120, 150, 275, 74, 190, 330

இவற்றின் சராசரி 410 வினாடி. ஆனால் 25-இல் 20 அழைப்புகள் 410-ஐத் தொடவே இல்லை. 3120 வினாடி ஓடிய அந்த ஒற்றை அழைப்பை எடுத்துவிட்டால் சராசரி 297-க்கு இறங்கிவிடும். இடைநிலையோ 199-லிருந்து 194.5-க்கு நகரும், அவ்வளவுதான்.

அதற்காக எல்லா இடத்திலும் இடைநிலையைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. "மொத்தம் எத்தனை மணி நேரப் பேச்சு, அதற்கு எத்தனை பேர் வேண்டும்?" என்பது கேள்வியானால் 199-ஐ 48,000-ஆல் பெருக்கிப் பயனில்லை, மொத்தத்துக்குச் சராசரிதான் வேண்டும். அப்புறம், தரவு உண்மையிலேயே இயல்நிலைப் பரவலாக, அதாவது மணி வடிவத்தில் இருந்தால் இடைநிலை கொஞ்சம் வீண்செலவு: பெரிய மாதிரிகளில், 100 பேரை வைத்துச் சராசரி தரும் துல்லியத்தை எட்ட இடைநிலைக்கு ஏறக்குறைய 157 பேர் வேண்டும். கேள்வி "வழக்கமான ஒன்று எப்படி இருக்கும்" என்றால், தரவில் நீண்ட வால் இருந்தால் (3120 போல, ஒரு பக்கம் வெகு தூரம் விலகி நிற்கும் சில எண்கள்), இடைநிலைதான் சரி.

படி 1: பட்டியலைச் சரிபாருங்கள்

எதன் இடைநிலை என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "போன மாதம் வந்து, யாரோ ஒருவர் எடுத்துப் பேசிய எல்லா அழைப்புகளும்." எடுக்கப்படாத அழைப்புகள் உண்டா? நடுவில் துண்டித்து மறுபடி வந்தது ஒன்றா, இரண்டா? இதை முடிவு செய்யாமல் இறங்கினால் பாதி வழியில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு விதியை உருவாக்கிக்கொண்டிருப்பீர்கள். பட்டியலில் இல்லாதது மாதிரியில் வரவே வராது என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 2: சமவாய்ப்பில் எடுப்பது

பெரும்பாலான தப்புகள் நடப்பது இங்கேதான், பின்னால் வரும் கணக்கில் அல்ல. சமவாய்ப்பு என்றால் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தேர்வாகும் வாய்ப்பு ஒரே அளவு. கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்ததை எடுப்பது சமவாய்ப்பு ஆகாது. நானே ஒருமுறை, கோப்பின் முதல் 200 வரிகளை எடுத்து "எல்லாம் கலந்துதானே கிடக்கும்" என்று கணக்குப் போட்டேன். அந்தக் கோப்பு தேதி வரிசையில் இருந்தது. கிடைத்தது மாதத்தின் முதல் நாளுக்கான இடைநிலை.

குலுக்கினால் கலந்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு பழைய பாடம் உண்டு. 1969 டிசம்பர் 1 அன்று, வியட்நாம் போர்க் காலத்தில், அமெரிக்காவில் படைக்கு ஆள் எடுக்கும் வரிசையைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். 366 பிறந்த நாட்களைச் சின்னச் சின்னக் கூடுகளில் அடைத்து, மாத வாரியாகப் பெட்டியில் போட்டு, கலக்கி, கண்ணாடிக் குடுவையில் கொட்டி எடுத்தார்கள். நன்றாகக் கலந்திருந்தால் எந்த மாதத்துக்கும் சராசரி வரிசை எண் 183.5-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். ஜனவரிக்கு 201 வந்தது; டிசம்பருக்கு 121-க்குச் சற்று மேல். சிறிய எண் என்றால் முதலில் அழைப்பு. கடைசியாகப் போட்ட மாதங்கள் மேலாகவே கிடந்து முதலில் கைக்கு வந்துவிட்டன. அடுத்த ஆண்டு சமவாய்ப்பு எண்களைக் கொண்டு முறையைத் திருத்த வேண்டியதாயிற்று.

ஆகவே கையை நம்பாமல் எண்ணை நம்புங்கள். எக்செல் போன்ற விரிதாளில், பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு நெடுவரிசை முழுக்க 0-க்கும் 1-க்கும் இடையிலான சமவாய்ப்பு எண்களைப் போடுங்கள். அந்த நெடுவரிசையை நகலெடுத்து வெறும் மதிப்பாக ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எதைத் தொட்டாலும் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். பிறகு அதை வைத்து மொத்தப் பட்டியலையும் வரிசைப்படுத்தி, மேலே உள்ள 25-ஐ எடுங்கள். கலைத்த வரிசையை அப்படியே சேமித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும். பைத்தான் நிரலில் செய்தால் தொடக்க விதை எண்ணைக் குறித்து வைத்தால் போதும், அதே எண்ணைக் கொடுத்தால் அதே கலைப்பு மறுபடி வரும்.

பட்டியலே இல்லை, தரவு ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கிறது, மொத்தம் எத்தனை என்றும் தெரியாது என்றால்? அதற்கும் வழி இருக்கிறது. முதல் 25-ஐ வைத்துக்கொள்ளுங்கள். 26-ஆவது வரும்போது 26-இல் 25 பங்கு வாய்ப்பில் அதை உள்ளே எடுத்து, பழைய 25-இல் ஏதோ ஒன்றைச் சமவாய்ப்பில் வெளியே தள்ளுங்கள். 1000-ஆவது வரும்போது அதன் வாய்ப்பு 1000-இல் 25. எங்கே நிறுத்தினாலும் கையில் இருப்பது அதுவரை வந்தவற்றின் நேர்மையான மாதிரி.

இன்னொரு பொறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். "ஒலிப்பதிவெல்லாம் எதற்கு? ஏதோ ஒரு நேரத்தில் போய், அப்போது ஓடிக்கொண்டிருக்கும் அழைப்புகளைக் குறித்துக்கொள்ளலாமே" என்று யாராவது சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 3120 வினாடி ஓடும் அழைப்பு உங்கள் கண்ணில் படும் வாய்ப்பு, 48 வினாடி அழைப்பு படும் வாய்ப்பைப் போல 65 மடங்கு. நீளமானவையாகவே வந்து விழும். பிள்ளைகளிடம் "உங்கள் வீட்டில் எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டுக் குடும்ப அளவின் இடைநிலையைக் கணித்தாலும் இதே கதைதான்: ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆறு வாய்ப்பு, பிள்ளை இல்லாத வீட்டுக்கு ஒன்றுகூட இல்லை.

படி 3: அடுக்குங்கள்

48, 61, 74, 88, 95, 112, 133, 143, 150, 167, 178, 190, 199, 212, 221, 254, 275, 306, 330, 386, 420, 540, 705, 1840, 3120

13-ஆவது எண் 199. அதுதான் மாதிரியின் இடைநிலை, முழுமைத்தொகுதியின் இடைநிலைக்கு நமது கணிப்பும் அதுவே. மாதிரியின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் நடுவில் உள்ள இரண்டின் சராசரியை எடுங்கள். நான் ஒற்றைப்படையாகத்தான் எடுப்பேன்: நடு எண் ஒன்றே ஒன்று என்பதோடு, அது உண்மையான இடைநிலைக்கு மேலே விழவும் கீழே விழவும் சரிபாதி வாய்ப்பு என்ற அழகும் கிடைக்கிறது.

8-ஆவதாக நிற்கும் 143-ஐயும் 18-ஆவதாக நிற்கும் 306-ஐயும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது அடுத்த படி.

படி 4: எவ்வளவு பிசகலாம்? நாணயக் கணக்கு

உண்மையான இடைநிலை என்ன என்று நமக்குத் தெரியாது. ஆனால் அதைப் பற்றி ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும்: பாதி அழைப்புகள் அதற்குக் கீழே, பாதி மேலே. அதனால் சமவாய்ப்பில் எடுக்கும் ஒவ்வொரு அழைப்பும் ஒரு நாணயச் சுண்டல். பூ விழுந்தால் இடைநிலைக்குக் கீழே, தலை விழுந்தால் மேலே.

முதலில் வெறும் ஐந்து அழைப்புகளை எடுங்கள். அவற்றில் மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் இடையில் உண்மையான இடைநிலை சிக்காமல் போவது எப்போது? ஐந்தும் ஒரே பக்கம் விழுந்தால் மட்டும். ஐந்தும் பூ விழ 32-இல் 1 வாய்ப்பு. ஐந்தும் தலை விழ இன்னொரு 32-இல் 1. இரண்டும் சேர்ந்து 16-இல் 1. ஆக, ஐந்தே அளவுகளை வைத்துக்கொண்டு, அவற்றின் இரு ஓரங்களுக்குள் இடைநிலை இருக்கிறது என்று சொன்னால் 93.75 சதவீதம் நம் சொல் பலிக்கும். முழுமைத்தொகுதியில் ஆயிரம் இருந்தாலும் ஆயிரம் கோடி இருந்தாலும் இந்த எண் மாறாது. இதை முதலில் கேட்கும் யாரும் நம்புவதில்லை. நானும் காகிதத்தில் போட்டுப் பார்த்துத்தான் நம்பினேன்.

25-க்கு வருவோம். ஓரங்களையே எடுத்தால் 48 முதல் 3120 வரை என்றாகும், யாருக்கும் உதவாது. இரண்டு பக்கமும் கொஞ்சம் உள்ளே வரலாம். அடுக்கிய வரிசையில் 8-ஆவதையும் 18-ஆவதையும் எல்லையாக வைப்போம். 8-ஆவது எண் உண்மையான இடைநிலையைத் தாண்டிவிட்டது என்றால், 25 சுண்டலில் ஏழோ அதற்குக் குறைவாகவோதான் பூ விழுந்திருக்க வேண்டும். 25 நாணயங்கள் விழக்கூடிய 3,35,54,432 வழிகளில் அப்படி நடப்பது 7,26,206 வழிகளில், அதாவது 2.16 சதவீதம். மேல்பக்கமும் அதே அளவு. இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 95.67 சதவீதம்.

எனவே 143 முதல் 306 வினாடி வரை என்பதே நம்பிக்கை இடைவெளி. 199-லிருந்து கீழே 56, மேலே 107. இரு பக்கமும் சமமாக இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. நீண்ட வால் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் இடைவெளியும் நீளும். இதை வலிந்து "199 கூட்டல் கழித்தல் இவ்வளவு" என்று எழுத வேண்டாம்.

அடிக்கடி தேவைப்படும் அளவுகளுக்கு:

| மாதிரி | கீழ் எல்லை | மேல் எல்லை | நம்பிக்கை |
|---|---|---|---|
| 5 | 1-ஆவது | 5-ஆவது | 93.75% |
| 10 | 2-ஆவது | 9-ஆவது | 97.85% |
| 15 | 4-ஆவது | 12-ஆவது | 96.48% |
| 20 | 6-ஆவது | 15-ஆவது | 95.86% |
| 25 | 8-ஆவது | 18-ஆவது | 95.67% |
| 50 | 18-ஆவது | 33-ஆவது | 96.72% |
| 100 | 40-ஆவது | 61-ஆவது | 96.48% |

பெரிய மாதிரிக்கு ஒரு குறுக்குவழி: மாதிரியின் எண்ணிக்கையில் பாதியை எடுங்கள். அதிலிருந்து எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 0.98-ஆல் பெருக்கிக் கழித்தால் கீழ் எல்லையின் இடம். அதையே கூட்டி, மேலும் ஒன்று சேர்த்தால் மேல் எல்லையின் இடம். 400 என்றால் வர்க்கமூலம் 20, 200-லிருந்து 19.6 போக 180-ஆவது, மறுபக்கம் 221-ஆவது.

பரவலின் வடிவத்தைப் பற்றி எதுவும் கேட்காத இந்த இடைவெளியை 1936-லேயே வில்லியம் தாம்சன் எழுதிவிட்டார். கணினி இல்லாமலே முடிந்த காரியம்.

இரண்டு சின்ன விஷயங்கள். நேரத்தை நிமிடமாகச் சுருக்கி எழுதியதால் ஒரே எண் பலமுறை வந்தால் பயப்பட வேண்டாம். எல்லை எண்களையும் உள்ளடக்கிச் சொல்லும்வரை நம்பிக்கை அட்டவணையில் உள்ளதைவிடக் குறையாது. அதேபோல முழுமைத்தொகுதியே 60 அழைப்புகள்தான், அதில் 25-ஐ எடுத்துவிட்டீர்கள் என்றால், நாணயக் கணக்கு தேவைக்கு மேல் எச்சரிக்கையானது. உண்மை நிலை இதைவிட நன்றாகவே இருக்கும்.

படி 5: 25 போதுமா, 400 வேண்டுமா?

வரிசைப்படி இது முதலில் வர வேண்டியது. ஆனால் நாணயக் கணக்கு தெரியாமல் இது புரியாது.

மாதிரி தரும் உத்தரவாதம் மதிப்பில் அல்ல, இடத்தில். நூற்றுமானம் என்பது முழுமைத்தொகுதியை அடுக்கினால் கீழிருந்து எத்தனை சதவீதம் தாண்டிய இடம் என்பது; இடைநிலை 50-ஆவது நூற்றுமானம். 100 எடுத்தால், உங்கள் இடைநிலை உண்மையில் 40-ஆவது நூற்றுமானத்துக்கும் 60-ஆவது நூற்றுமானத்துக்கும் இடையில் எங்கோ விழும், கிட்டத்தட்ட 95 சதவீத உறுதியோடு. 400 எடுத்தால் 45-க்கும் 55-க்கும் இடையில். சுமார் 9,600 எடுத்தால் 49-க்கும் 51-க்கும் இடையில். பிழையைப் பாதியாக்க மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும்.

அந்த நூற்றுமானங்கள் எத்தனை வினாடி அகலம் என்பது தரவைப் பொறுத்தது. நடுப்பகுதியில் அழைப்புகள் நெருக்கமாக இருந்தால் 40-க்கும் 60-க்கும் நடுவே சில வினாடிகள்தான் வித்தியாசம் வரும். ஆனால் பாதி அழைப்புகள் ஒரு நிமிடத்துக்குள் முடிந்து, மறுபாதி பத்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, நடுவில் ஒன்றுமே இல்லை என்றால், மாதிரியின் இடைநிலை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தாவிக்கொண்டே இருக்கும். அப்படி இரண்டு குன்றுகள் தெரிந்தால் மாதிரியைப் பெருக்குவதில் அர்த்தமில்லை. ஒரே எண்ணால் சொல்ல முடியாத தரவு அது. இரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள்.

படி 6: திறக்காத மூன்று பதிவுகள்

25-ஐத் தேர்ந்தெடுத்தீர்கள், மூன்று பதிவுகள் திறக்கவில்லை. எல்லோரும் செய்வது, அடுத்த மூன்றை எடுத்து நிரப்புவது. நீளமான பதிவுகள்தான் சேமிக்கும்போது கெட்டுப்போகின்றன என்றால்? சத்தமில்லாமல் கணிப்பு கீழே இறங்கிவிடும்.

இடைநிலையில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கிடைத்த 22-ஐ அடுக்குங்கள். காணாமல் போன மூன்றும் மிகப் பெரியவை என்று வைத்தால், மொத்த 25-இன் நடு எண் இந்த 22-இல் 13-ஆவது. மூன்றும் மிகச் சிறியவை என்று வைத்தால் 10-ஆவது. உண்மையாகக் கிடைத்திருக்கக்கூடிய மாதிரி இடைநிலை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க முடியும். சராசரியில் இப்படிச் சொல்லவே முடியாது. காணாமல் போன ஒன்று எவ்வளவு பெரியதாகவும் இருக்கலாம்.

இதே குணம் ஆயுள் சோதனைகளில் கைகொடுக்கும். 25 விளக்குகளை எரியவிட்டு, எப்போது அணைகின்றன என்று பார்க்கிறீர்கள். 18-ஆவது விளக்கு அணைந்தவுடன் எழுந்து வீட்டுக்குப் போகலாம். மிச்சம் ஏழும் இன்னும் எத்தனை மாதம் எரிந்தாலும் இடைநிலையும் மாறாது, அதன் இடைவெளியும் மாறாது.

படி 7: குழு குழுவாக எடுத்திருந்தால்

குழுக்களின் இடைநிலைகளைச் சராசரி எடுக்காதீர்கள். ஒரு குழுவில் 2, 3, 40. இன்னொன்றில் 4, 50, 60, 70, 80. இடைநிலைகள் 3, 60. சராசரி 31.5. எட்டையும் ஒன்றாக அடுக்கினால் உண்மையான இடைநிலை 45. குழுவின் அளவுக்கேற்ப எடை போட்டுச் சராசரி எடுத்தாலும் 38.6-தான் வரும், அதுவும் தப்பு.

சரியான வழி, இடைநிலைக்கு எடை போடாமல் ஒவ்வொரு அழைப்புக்கும் எடை போடுவது. பகலில் 40,000 அழைப்புகள், இரவில் 8,000. இரண்டிலிருந்தும் 20, 20 எடுத்தீர்கள் என்றால், பகல் அழைப்பு ஒவ்வொன்றும் 2,000-க்குப் பிரதிநிதி, இரவு அழைப்பு 400-க்கு. நாற்பதையும் ஒன்றாக அடுக்கி, கீழிருந்து எடைகளைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். கூட்டல் 24,000-ஐ எந்த அழைப்பில் தொடுகிறதோ அதுவே இடைநிலை. நாணயக் கணக்கு இங்கே நேராகப் பொருந்தாது, அடுத்ததைப் பாருங்கள்.

படி 8: பூட்ஸ்ட்ராப்

1979-இல் பிராட்லி எஃப்ரான் முன்வைத்த முறை. கையில் உள்ள 25-ஐயே ஒரு குட்டி முழுமைத்தொகுதியாக நினைத்து, எடுத்ததைத் திரும்பப் போட்டுக்கொண்டே 25 எடுங்கள். சில இருமுறை வரும், சில வராது. இடைநிலையைக் குறியுங்கள். இதைப் பத்தாயிரம் முறை செய்து, கிடைத்த இடைநிலைகளில் கீழே 2.5 சதவீதத்தையும் மேலே 2.5 சதவீதத்தையும் வெட்டினால் மிஞ்சுவது இடைவெளி. குழுக்கள் இருந்தால் அந்தந்தக் குழுவுக்குள்ளேயே மறுபடி எடுக்க வேண்டும், எடைகளும் கூடவே வர வேண்டும்.

எடையற்ற எளிய மாதிரிக்கு நான் இதைப் பயன்படுத்துவதில்லை. ஒற்றைப்படை மாதிரியில் பூட்ஸ்ட்ராப் தரும் இடைநிலை எப்போதும் அந்த 25 எண்களில் ஒன்றாகவே இருக்கும். படம் வரைந்தால் வழவழப்பாக இல்லாமல் முட்டுமுட்டாக நிற்கும். அட்டவணை ஒரே வரியில் தருவதற்கு இவ்வளவு சுற்று எதற்கு?

இதற்கு முந்தைய ஜாக்நைஃப் முறை, அதாவது ஒவ்வொன்றாக விட்டுவிட்டுக் கணக்கிடுவது, இடைநிலைக்கு ஆகவே ஆகாது. நம் 25-இல் எதை விட்டாலும் வரும் விடை மூன்றில் ஒன்றுதான்: 194.5, 201, 205.5. நடுவில் நிற்கும் மூன்று எண்களைத் தவிர மீதி 22-இன் மதிப்பு என்ன என்றே அந்த முறை பார்ப்பதில்லை.

எழுதிக் கொடுக்கும்போது

"48,000 அழைப்புகளிலிருந்து சமவாய்ப்பில் 25 எடுத்தோம். இடைநிலை 199 வினாடி, 95.7 சதவீத நம்பிக்கை இடைவெளி 143 முதல் 306 வினாடி வரை." இவ்வளவு போதும். 95.7 சதவீதம் என்பது முறையைப் பற்றிய பேச்சு: இதே முறையில் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்தால், நூற்றுக்கு ஏறக்குறைய 96 முறை இடைவெளிக்குள் உண்மை சிக்கும்.

"143-லிருந்து 306 வரையா? ரொம்ப அகலமாக இருக்கிறதே" என்று திருப்பி அனுப்பினால், சேமித்து வைத்த கலைத்த பட்டியலை எடுத்து, 26-ஆவது வரியிலிருந்து அடுத்த 75-ஐக் கேளுங்கள், புதிதாகக் கலைக்க வேண்டாம். ஆனால் 100 என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத் தொடங்குங்கள். பத்துப் பத்தாகக் கூட்டி, மனதுக்குப் பிடித்த இடைவெளி வந்ததும் நிறுத்தினால், அட்டவணையில் உள்ள 96.48 உங்களுக்குப் பொருந்தாது.